வாழைக்குலைப் பராமரிப்பும் வளர்ச்சிச் சீராக்கிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நீர்வேலி, கோப்பாய் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களில் வாழை முக்கிய பணப்பயிராக விளங்குகின்றது. கிணற்றுநீரை இறைத்துச் சிறுநிலத்திற் பயிர்செய்யும் உழவனுக்குக் குலையொன்றின் நிறை கூடுவது அற்ப விடயமன்று. அந்நிறை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிந்தாலன்றி, அதனைக் கூட்டுவதாகக் கூறப்படும் வழிகளை மதிப்பிட இயலாது.

சீப்புக்களின் எண்ணிக்கை, பொத்தி வெளிவருமுன்னரே, போலித்தண்டினுள் பூந்துணர் உருவாகும் காலத்திற் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. எனவே பசளையிடல், நீர்பாய்ச்சல், மிகையான குட்டிகளை நீக்கல் ஆகியவற்றை அதற்கு முன்னரே கவனித்தல் வேண்டும். குலை ஈன்றபின் புதிய இலை தோன்றுவதில்லை. எஞ்சியுள்ள இலைகள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவே காய்களை நிரப்புகின்றது. அவ்வுணவு வீணாகாது காய்களைச் சேரச்செய்தலே குலைப் பராமரிப்பின் நோக்கமாகும்.

பெண்பூச் சீப்புக்கள் யாவும் விரிந்தபின் பொத்தியை நீக்குதல் இவற்றுள் முதன்மையானது. நாம் உண்ணும் வாழை மகரந்தச் சேர்க்கையின்றியே காய்ப்பதால் ஆண்பூக்கள் தேவைப்படுவதில்லை. நோய்த்தடுப்புக்கும் இம்முறை உதவும். 2001 இல் உகண்டாவிற் கண்டறியப்பட்ட பற்றீரிய வாடல்நோயைப் பூச்சிகள் ஆண்பூக்களின் வழியே பரப்பின. கத்தியும் நோயைக் கடத்துமாதலால், அங்கே கவைக்கோலினாற் பொத்தியை முறிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

நுனியிலுள்ள வளர்ச்சி குன்றிய சீப்பை அகற்றினால் ஏனைய காய்கள் பருக்கும். துளையிட்ட பொலித்தீன் உறை பூச்சியினின்றும் உராய்வினின்றும் தோலைக் காக்கும். முட்டுக்கொடுத்தல் காற்றினால் மரம் சாய்வதைத் தடுக்கும். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிறிதொரு எளிய முறையையும் வகுத்துள்ளது: 500 கிராம் பசுஞ்சாணத்துடன் யூரியா, பொற்றாசியம் சல்பேற்று என்பவற்றில் 7.5 கிராம் வீதமும் 100 மில்லிலீற்றர் நீரும் கலந்து, பொத்தி நீக்கிய காம்பின் நுனி அதனுள் அமிழுமாறு பையிலிட்டுக் கட்டுதலே அது.

வளர்ச்சிச் சீராக்கிகள் உணவல்ல. கலங்கள் பிரிவதையும் நீள்வதையும் நெறிப்படுத்தும் ஓமோன்களும் அவற்றையொத்த இரசாயனங்களுமே அவை. பூவன் இனத்திற் சிலவேளை விதைகள் தோன்றிக் காயின் தரத்தைக் கெடுக்கும். இதனைத் தடுக்க, கடைசிச் சீப்பு விரிந்தபின் லீற்றருக்கு 25 மில்லிகிராம் 2,4-டி கலந்து தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதந்துரைத்துள்ளது. ஆயின் இதே பொருள் கூடிய அளவிற் களைகொல்லியாகும். காற்றிற் பறக்கும் அதன் துளிகள் அயலிலுள்ள மிளகாய், புகையிலை, திராட்சைப் பயிர்களை ஊறுபடுத்தும். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றுள் ஒன்றாக 2015 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதனை வகைப்படுத்தியது. துண்டு துண்டான தோட்டங்களிலே, ஒருவரின் இலாபம் அயலவரின் நட்டமாகலாம்.

இலையும் நீரும் பொற்றாசியமும் குறைவுற்றவிடத்து எந்தச் சீராக்கியும் குலையை நிரப்பாது. பொத்தி முறித்தலுக்கும் சீப்பு நீக்கலுக்கும் கைவேலையே மூலதனம். ஆதலின் அவற்றைச் செவ்வனே செய்தபின்னரே, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் இரசாயனத்தை நாடுதல் தகும். கூடிய நிறையின் விலை கூடிய செலவை ஈடுசெய்யாவிடின், விளைச்சற் பெருக்கம் மருந்து விற்போருக்கே வருவாயாக முடியும்.