மூச்சிரைக்க ஓடு, மூச்சடக்கிச் சுடு! தெரியுமா?

ஒரு விளையாட்டில் ஒரே ஒரு வருடம் உலகின் முதலிடத்தைப் பிடிக்கவே பலருக்கு ஆயுள் போதாது. தொடர்ந்து ஆறு வருடம், நடுவில் ஒருமுறைகூட யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அந்த இடத்தில் இருந்த ஒரு ஸ்வீடன் வீராங்கனையைத் தெரியுமா? அந்த விளையாட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் என்பது தெரியுமா? மக்தலேனா ஃபோர்ஸ்பெர்க் என்ற அந்தப் பெயர் நம் பக்கம் அதிகம் கேட்டதில்லை. அதனால்தான் இன்று அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்!

அவருடைய விளையாட்டு பையத்லான். பனியில் ஸ்கீ மாட்டிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்க வேண்டும். நடுநடுவே நின்று துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட வேண்டும். துப்பாக்கியை யாரும் எடுத்து வந்து கொடுக்க மாட்டார்கள், முதுகில் சுமந்துகொண்டேதான் ஓட வேண்டும். குறைந்தது மூன்றரைக் கிலோ எடை. இலக்கு 50 மீட்டர் தூரத்தில். படுத்துச் சுடும்போது குண்டு பட வேண்டிய வட்டத்தின் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? 45 மில்லிமீட்டர். ஓர் எலுமிச்சம்பழ அளவு! நின்று சுடும்போது கொஞ்சம் இரக்கம் காட்டி 115 மில்லிமீட்டர் தருகிறார்கள். தூரத்தைப் பக்கமாக்கிக் காட்டும் தொலைநோக்கி லென்ஸ் துப்பாக்கியில் கிடையாது. அதற்கு அனுமதியே இல்லை!

சுடுவதற்கு நிற்கும் அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேட்டில் ஏறி வந்த வேகத்தில் இதயம் நிமிடத்துக்கு 180 தடவைகூட அடிக்கும். விநாடிக்கு மூன்று அடி! கைத்தடிகளைக் கழற்றிப் போட்டு, தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, பனி அடையாமல் மூடி வைத்த குறிமுனையைத் திறந்து, பாயில் குப்புறப் படுக்க வேண்டும். புஜத்தில் மாட்டிய வாரைத் துப்பாக்கியோடு கோத்து இறுக்கியதும், நாடித் துடிப்பு அந்த வார் வழியாகவே குழலுக்கு ஏறி முனையை ஆட்டும். பக்கத்தில் கட்டியிருக்கும் சின்னக் கொடியைப் பார்த்துக் காற்றின் திசையைக் கணிக்க வேண்டும். பிறகு ஒரு மூச்சு உள்ளே, பாதி வெளியே, அப்படியே நிறுத்து, சுடு! கறுப்பு வட்டம் வெள்ளையாக மாறினால் பட்டுவிட்டது. மாறாவிட்டால்? ஸ்பிரின்ட் போட்டி என்றால் ஒவ்வொரு தவறுக்கும் 150 மீட்டர் வளையத்தைத் தண்டனையாகச் சுற்ற வேண்டும். 15 கிலோமீட்டர் தனிநபர் போட்டி என்றால் இன்னும் கொடுமை: தவறுக்கு ஒரு நிமிடம் வீதம் நேரத்தில் கூட்டிவிடுவார்கள்!

அந்தத் தண்டனை என்ன பாடு படுத்தும் என்பதற்கு 1960-ல் நடந்த ஒரு கதை இருக்கிறது, தெரியுமா? ஒலிம்பிக்கில் பையத்லான் முதன்முதலாக நுழைந்தது அமெரிக்காவின் ஸ்குவா வேலியில். அப்போது ஆண்களுக்கு மட்டும், 20 கிலோமீட்டர், ஒரு தவறுக்கு இரண்டு நிமிடம். பிரான்ஸின் விக்டர் ஆர்பே பனியில் எல்லோரையும்விட வேகமாகப் பறந்தார். தங்கம் வென்ற ஸ்வீடனின் கிளாஸ் லெஸ்டாண்டரைவிட அவர் ஓடிய நேரம் ஏழு நிமிடத்துக்கும் மேல் குறைவு! ஆனால் ஆர்பேயின் 20 குண்டுகளில் 18 குறி தப்பின. லெஸ்டாண்டர் சுட்ட இருபதும் இலக்கில். அன்று களத்தில் இருபதுக்கு இருபது அடித்தவர் அவர் ஒருவர்தான்!

இப்போது மக்தலேனாவிடம் வருவோம். 1967-ல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் வாலின். துப்பாக்கியே தொடாத கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ வீராங்கனையாகத்தான் தொடங்கினார். 19 வயதிலேயே, 1987-ல் ஓபர்ஸ்டார்ஃபில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஸ்வீடனின் தொடரோட்ட அணியில் வெண்கலம். அடுத்த நட்சத்திரம் இதோ என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த உயரத்தை அவர் கிராஸ்-கன்ட்ரியில் அதன்பின் எட்டவே இல்லை. 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. அந்த ஓட்டங்கள் நடந்த இடம் பிரான்ஸின் லே செசி. பெண்களுக்கான பையத்லான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததும் அதே 1992-ல், அதே லே செசியில்தான்! தன்னைப் பின்னாளில் ராணியாக்கப்போகும் விளையாட்டு ஒலிம்பிக்கில் பிறந்த ஊரிலேயே, அதே நாட்களில் அவர் வேறொரு போட்டியில் ஓடிக்கொண்டிருந்தார்!

அதன்பின் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். ஓட்டம் அவருக்குப் பழகியது. வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்பதும், துடிக்கும் நெஞ்சோடு ஐந்து குண்டு சுடுவதும் புதுசு. சின்ன வயதிலிருந்தே சுட்டுப் பழகியவர்களோடு மோத வேண்டும். ஜெர்மானியப் பயிற்சியாளர் வுல்ஃப்காங் பிக்லர் பக்கத்தில் நின்றார். பலன்? 1997-ல் ஸ்லோவாக்கியாவின் ஓஸ்ர்பிலியேயில் உலக சாம்பியன்ஷிப். தனிநபர் போட்டியில் தங்கம்! பர்ஸ்யூட் போட்டியிலும் தங்கம்! முன்னால் போனவர்களைத் துரத்திப் பிடிக்கும் இந்தப் பர்ஸ்யூட் உலக சாம்பியன்ஷிப்பில் அறிமுகமானதே அந்த வருடம்தான். ஆக, பெண்கள் பிரிவில் அதன் முதல் உலக சாம்பியன் யார்? நம் மக்தலேனா!

அந்தப் பருவத்திலேயே உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டமும் அவர் கைக்கு வந்தது. 1997, 98, 99, 2000, 2001, 2002... வரிசையாக ஆறு! ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் வருகிற பட்டமில்லை இது. குளிர்காலம் முழுக்க நாடு நாடாகப் போய், ஒவ்வொரு போட்டியிலும் வாங்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் இதைத் தருவார்கள். சளி பிடித்தாலும் ஓட வேண்டும், காற்று சுழற்றி அடித்தாலும் சுட வேண்டும். உலகக் கோப்பையில் அவர் வென்ற பந்தயங்கள் 42. பின்னால் வந்து பையத்லானையே கலக்கிய ஜெர்மனியின் மக்தலேனா நொய்னர்கூட 34 வெற்றிகளோடும் மூன்று ஒட்டுமொத்தப் பட்டங்களோடும்தான் ஓய்வு பெற்றார். நம்மவருக்கு உலக சாம்பியன்ஷிப் தங்கம் மட்டும் ஆறு!

இவ்வளவும் வென்றவரிடம் ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூட இல்லை என்றால் நம்புவீர்களா? 1998 நகானோவுக்கு உலகின் முதல் ஆளாகப் போனார். பதக்கமே இல்லாமல் திரும்பினார். அவர் உச்சத்தில் இருந்த ஆறு பருவங்களில் வந்தவை இரண்டே ஒலிம்பிக். அடுத்தது 2002, சால்ட் லேக் சிட்டி. வயது 34. தனிநபர் போட்டியில் வெண்கலம், இரண்டு நாள் கழித்து ஸ்பிரின்டில் இன்னொரு வெண்கலம். ஒலிம்பிக் பையத்லானில் ஸ்வீடன் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் இவைதான்! அந்த ஸ்பிரின்டில் தங்கம் வாங்கிய ஜெர்மனியின் காட்டி வில்ஹெல்மும் கிராஸ்-கன்ட்ரியிலிருந்து மாறி வந்தவர்தான். தங்கம் கிடைக்காததை மட்டும் சொல்லி மக்தலேனாவுக்காக உச்சுக்கொட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் சில நாட்களை வைத்து, ஆறு குளிர்காலம் முழுக்க ஆண்ட ஒருவரை அளப்பது என்ன நியாயம்? அந்த 2002 பருவத்தோடு, ஆறாவது பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, துப்பாக்கியை இறக்கி வைத்தார்.

அவர் போட்ட பாதை அத்தோடு நிற்கவில்லை, தெரியுமா? 2002 ஒலிம்பிக்கில் கிராஸ்-கன்ட்ரி ஓடிய ஆனா கரின் ஊலோஃப்சன் பையத்லானுக்கு மாறி, 2006 தூரின் ஒலிம்பிக்கில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட்டில் தங்கமே வாங்கினார்! 2018 ஒலிம்பிக்கில் கிராஸ்-கன்ட்ரி ஸ்பிரின்ட் தங்கத்தோடு மொத்தம் நான்கு பதக்கம் அள்ளிய ஸ்டீனா நில்சன், 26 வயதில், புகழின் உச்சியில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 2020-ல் துப்பாக்கியைத் தூக்கினார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்!

அதே 2018-ல், அதே பிக்லரின் பயிற்சியில், ஹன்னா ஊபெரி என்ற 22 வயதுப் பெண் தனிநபர் போட்டியில் இருபதுக்கு இருபது சுட்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார். நான்கு வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக் தொடரோட்டம்: லின் பெர்சன் தொடங்கிவைக்க, மோனா புரோர்சன் தொடர, மூன்றாவதாக ஓடிய ஹன்னாவிடமிருந்து கடைசிச் சுற்றுக்கான பொறுப்பை வாங்கிக்கொண்டது அவருடைய சொந்தத் தங்கை எல்விரா! தங்கம் ஸ்வீடனுக்கு!