சுட்ட செங்கல்லில் ஒரு சிற்பம்

திட்டக்குடிப் படிப்பகத்தில் நண்பர்களோடு அமர்ந்திருந்தோம். கம்போடியக் கோயில்களின் படங்கள் கைமாறின. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பாடுபடும் தோழர் ஒருவர், ஒரு படத்தை மட்டும் விடவேயில்லை. "கருங்கல்லில் செதுக்குவான், சரி. சுட்ட செங்கல்லில் உளி வைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்குமே, அண்ணே! இது எப்படி?" என்றார்.

பண்டிதர்கள் கேட்காத கேள்வி! மண்ணோடும் நெருப்போடும் பழகிய கை கேட்ட கேள்வி!

அந்தப் படம், அங்கோரில் உள்ள பிரசாத் கிராவான் கோயில். 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரே வரிசையில் ஐந்து செங்கற் கோபுரங்கள், கிழக்கு நோக்கி. வெளியே எளிமை, உள்ளேதான் வியப்பு! நடுக் கோபுரத்தின் உட்சுவர்களில் கருடன்மீது திருமால், எட்டுக் கரத்தோடு திருமால், உலகளக்கக் காலெடுத்த திருமால். வடகோடிக் கோபுரத்தில் திருமகள். அளந்தது யார் நிலத்தை, கொடுத்துக் கெட்ட மாவலி யார் என்பதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று உளி பிடித்தவனைப் பற்றிய பேச்சு.

செங்கற்களை இடுக்குத் தெரியாமல் நெருக்கி அடுக்கித் தாவரப் பசையால் ஒட்டினார்கள். சுவரே ஒரு பலகையாயிற்று. பிறகுதான் உளி! தோள் ஒரு கல்லில், முழங்கை அடுத்த கல்லில், விரல் மூன்றாவதில். நடுவில் ஒன்று பிளந்தால்? உருவி எறிந்துவிட்டு வேறு கல் வைக்க முடியுமா? ஒவ்வொரு தட்டும் கடைசித் தட்டு என்றல்லவா தட்டியிருக்க வேண்டும்!

"தமிழன் கட்டியது" என்று மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. வேண்டாம், தோழர்களே! கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. கடல் கடந்து கதையும் போயிற்று. மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைக் குழைத்தவன், சுட்டவன், செதுக்கியவன் கெமர் உழைப்பாளி. நம் உழைப்பைப் பிறர் தமதென்றால் கொதிக்கிறோமே, அடுத்தவன் வியர்வைக்கு நாம் பட்டா கேட்கலாமா?

1960-களில் பிரெஞ்சு அறிஞர் குரோலியே கோயிலைச் செப்பனிட்டபோது, புதிதாக வைத்த செங்கற்களில் அங்கோர் பாதுகாப்பு நிலையத்தின் முத்திரையாக 'சி.ஏ.' என்ற இரண்டெழுத்தைப் பொறித்தார்கள். பழையது எது, புதியது எது என்று எவரும் ஏமாறக்கூடாதே! நேர்மை என்றால் அது. பழைய செங்கல்லிலோ, செதுக்கியவன் பெயர் இல்லை.

இதைச் சொன்னதும் தோழர் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். சூளையில் மற்றவர்களுக்கும் காட்டவேண்டுமாம். எடுத்துப் போங்கள் என்றோம்.