பழைய சேலையும் ஒரு காட்போட் பெட்டியும்

ஒக்ரோபர் வந்தால் மொன்றியல் கடைகளில் ஹலோவீன் உடைகள் தொங்கத் தொடங்கிவிடும். ஒரு மாலைப்பொழுதுக்கான உடை. வீட்டில் இரண்டு, மூன்று பிள்ளைகள் என்றால் செலவைச் சொல்லவே வேண்டாம். ஸ்பைடர்மான் உடையைப் போட்ட பிள்ளை ஸ்பைடர்மானாக மட்டுமே இருக்கலாம். அம்மாவின் பழைய சேலையோ காலையில் இராசகுமாரியின் முந்தானை, மத்தியானம் கூடாரம், பின்னேரம் ஆறு.

ஊரில் இதற்கெல்லாம் நாம் காசு செலவழித்ததில்லை. சிரட்டையில் மண்சோறு காய்ச்சினோம், அப்பாவின் சால்வையைப் போட்டு வாத்தியாரானோம். பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே உண்டு. சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீடுதான் அது.

இது வெறும் பொழுதுபோக்கல்ல. ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரை ஒன்றில் இதை விளக்கினார். கடைக்காரராக நடிக்கும் பிள்ளை, கையிலுள்ள இனிப்பைத் தான் தின்னாமல் 'விற்கிறது'. ஆசையை அடக்க அது தானாகவே பழகுகிறது. பயத்துக்கும் இது நல்ல மருந்து. பாடசாலை தொடங்குமுன், 4 முதல் 6 வயதுக்குள் போடும் தடுப்பூசிக்கு முதல்நாள், கரடிப்பொம்மைக்கு ஊசி போட விடுங்கள். தான் எதற்குப் பயப்படுகிறது என்பதைப் பிள்ளை கரடியின் வாயால் சொல்லும்.

நாள் முழுக்கப் பிரெஞ்சில் படித்துவிட்டு வரும் பிள்ளை, 'தமிழில் கதை' என்றால் வாயை மூடிக்கொள்ளும். அம்மம்மா மரக்கறி வாங்க வந்தால், கடைக்காரர் தமிழில் பேரம் பேசத்தானே வேண்டும்! குளிர்காலத்தில் தொலைக்காட்சிக்கு இதைவிட மலிவான மாற்று இல்லை. 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்பது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் ஆலோசனை.

பொருட்களுக்கு அலையத் தேவையில்லை. யூலை 1 வீடு மாறும் நாளில் பெரிய பெட்டிகள் தெருவோரம் கிடக்கும். காய்ந்த, சுத்தமான பெட்டியை எடுங்கள். துணி, மெத்தை, குஷன் எதையும் தொடவேண்டாம், மூட்டைப்பூச்சி கூடவே வரும். தொப்பி, கைப்பை, கோட் ரெனெசான்ஸ் போன்ற பாவித்த பொருட்கடைகளில் மலிவு. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் துவைத்து, உலர்த்தியில் அதிக சூட்டில் அரை மணி நேரமாவது போடுங்கள்.

சேலைத் துண்டைக் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். தோளில் ஒட்டும் பட்டியால் பொருத்தினால், எங்காவது சிக்கினாலும் கழன்றுவிடும். சறுக்குமரத்தில் ஏறுமுன் அதையும் கழற்றிவிடுங்கள். 3 வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டிலிருந்தால், பெட்டிக்குள் போடுமுன் உடுப்புகளின் தளர்ந்த பொத்தான்களையும் மணிகளையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.