மணலில் இறங்கியதும் மின்சாரக் காரின் சார்ஜ் ஏன் மளமளவென்று இறங்குகிறது?

காட்டுப்பள்ளியில் தார்ச்சாலையை விட்டு, மீனவர் குப்பத்துக்குப் போகும் மணல் பாதையில் மின்சார எஸ்யூவியைத் திருப்பிப் பாருங்கள். சார்ஜ் அளவு கண்ணெதிரே குறையும். வண்டியில் கோளாறா? இல்லை.

தார்ச்சாலையில் டயர் உருள்கிறது, மணலில் புதைகிறது. புதைந்த சக்கரம், முன்னால் குவியும் மணலை நெரித்தபடி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சமதளம்கூட அதற்கு ஓயாத மேடுதான். பேட்டரியின் எடை வேறு அழுத்துகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால், தரையில் பதியும் பரப்பு கூடிப் புதைவது குறையும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடித்துவிடுங்கள்.

சரி, சீனாவில் பரவலாக ஓடும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வண்டி கைகொடுக்குமா? அதில் பெட்ரோல் எஞ்சின் உண்டு. ஆனால், பெரும்பாலும் அது சக்கரத்தைச் சுற்றாது. மின்சாரம் மட்டும் தயாரிக்கும்.

உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினையுங்கள். தொட்டிதான் பேட்டரி, மோட்டார் பம்புதான் எஞ்சின், குழாய்கள்தான் சக்கரங்கள். ஆழ்மணலில் எல்லாக் குழாய்களையும் ஒரேயடியாகத் திறந்த கதை. பம்பு ஓடினாலும் தொட்டி இறங்கும். காலியாகிவிட்டால், பம்பு தருகிற அளவுதான் கிடைக்கும், வண்டி திணறும். ஆகவே, பேட்டரி நிறைந்திருக்கும்போதே மணலைக் கடந்துவிட வேண்டும்.

காட்டுப்பள்ளியைத் தாண்டிப் பழவேற்காடு வரை போனாலும், சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். 2025-இல் வந்த டாடா ஹாரியர் இவியின் பெரிய பேட்டரி 75 யூனிட் பிடிக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு. இந்தப் பயணத்துக்கு அதுவே தாராளம். சார்ஜரே இல்லாத வழியில் நாள்கணக்கில் போகிறவர்தான் எஞ்சினையும் சுமக்க வேண்டும்.

கடலோர மணலில் மட்டும் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் அங்கேதான் முட்டையிடுகின்றன.