இரவல் நிரலும் நம் பொறுப்பும்

வீட்டிற்கு விருந்தினர் வருகிறார்கள். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைக்க நேரமில்லை. எனவே, அம்மா கடையிலிருந்து தோசைமாவு வாங்கி வருகிறார். வேலை எளிதாக முடிகிறது. ஆனால், அந்த மாவு அளவுக்கு மீறிப் புளித்திருந்தால் விருந்தினர் கடைக்காரரைக் குறை கூறுவதில்லை. 'இந்த வீட்டுத் தோசை சரியில்லை' என்றே நினைப்பார்கள்.

நாம் நாள்தோறும் பயன்படுத்தும் திறன்பேசிச் செயலிகளும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகின்றன. ஒரு செயலிக்குத் தேவையான நிரல் முழுவதையும் அதனை உருவாக்குபவர்களே எழுதுவதில்லை. வரைபடம் காட்டுதல், படம் எடுத்தல், பணம் செலுத்துதல் போன்ற பணிகளுக்குப் பிறர் முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளைத் தங்கள் செயலியில் இணைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய தொகுப்பை 'நிரல் நூலகம்' என்பர். வெளியார் எழுதியதாக இருந்தால் அது 'மூன்றாம் தரப்பு நிரல் நூலகம்' எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உங்கள் பள்ளியின் தமிழ்க் கழகத்திற்கு வருகைப் பதிவுச் செயலி ஒன்றை உருவாக்க விரும்புகிறீர்கள். உறுப்பினர்கள் தங்கள் திறன்பேசியால் கியூஆர் குறியீட்டை வருடினால் வருகை பதிவாக வேண்டும். உறுப்பினர்களுள் சிலரிடம் ஆண்ட்ராய்டு திறன்பேசியும் சிலரிடம் ஐபோனும் உள்ளன. ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறையும் ஐபோனுக்கு மற்றொரு முறையும் நிரல் எழுதினால் உழைப்பு இரு மடங்காகும். இதைத் தவிர்க்கவே கூகுள் நிறுவனத்தின் 'ஃபிளட்டர்' போன்ற கருவிகள் உள்ளன. டார்ட் என்னும் மொழியில் ஒரு முறை எழுதிய நிரலைக் கொண்டு இரண்டு வகைத் திறன்பேசிகளுக்கும் செயலியை உருவாக்கலாம்.

ஆயினும், இரண்டு வகைத் திறன்பேசிகளும் கேமராவை இயக்கும் முறை வெவ்வேறானது. இங்குதான் நிரல் நூலகம் கைகொடுக்கிறது. குறியீட்டை வருடும் நூலகத்திற்குள் ஆண்ட்ராய்டுக்குரிய நிரலும் ஐபோனுக்குரிய நிரலும் தனித்தனியே இருக்கும். நாம் ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும். அந்தந்தத் திறன்பேசிக்கு ஏற்ற நிரல் இயங்கும். நூலகத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் செயலியின் பட்டியல் கோப்பில் எழுதினால், ஃபிளட்டர் அதனை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த நூலகம் வேறு நூலகங்களைச் சார்ந்திருந்தால் அவையும் சேர்ந்து வரும். ஒன்றைக் கேட்டால் பத்து வரக்கூடும்!

நூலகம் வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஐபோனில், கேமரா எதற்காகத் தேவைப்படுகிறது என்னும் காரணத்தைச் செயலியின் தகவல் கோப்பில் நாம் எழுத வேண்டும். எழுதத் தவறினால், கேமராவைத் திறக்க முயலும்போது செயலி திடீரென மூடிக்கொள்ளும். ஆண்ட்ராய்டிலோ, பல வேளைகளில் நூலகமே அனுமதிக் குறிப்பைத் தன்னுடன் கொண்டுவந்துவிடும். அதனால், ஆண்ட்ராய்டில் நன்றாக இயங்கும் செயலி ஐபோனில் நின்றுபோகலாம். எனவே, ஒவ்வொரு நூலகத்தை இணைத்த பிறகும் இரண்டு வகைத் திறன்பேசிகளிலும் செயலியைச் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

பதிப்பு எண்ணும் கவனத்திற்குரியது. 2.4.1 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். பிழை திருத்தப்பட்டால் கடைசி எண் மாறும். புதிய வசதி சேர்ந்தால் நடு எண் மாறும். பழைய முறைப்படி பயன்படுத்த முடியாத அளவுக்கு மாற்றம் ஏற்பட்டால் முதல் எண் மாறும். இது பொதுவான வழக்கம். எந்தப் பதிப்புகள் பயன்படுத்தப்பட்டன என்பதை ஃபிளட்டர் 'பூட்டுக் கோப்பு' ஒன்றில் குறித்து வைக்கிறது. குழுவினர் அனைவரும் அந்தக் கோப்பைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் கணினியில் இயங்கும் செயலி மற்றவர் கணினியில் இயங்காமற்போகும் சிக்கல் பெரிதும் குறையும்.

ஆனால், பதிப்பைப் பூட்டிவிட்டால் மட்டும் முழுப் பாதுகாப்புக் கிடைத்துவிடுமா? 2020ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஐபோன் பயனாளர்கள் பலர் ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட் போன்ற செயலிகளைத் திறந்தவுடனேயே அவை மூடிக்கொண்டன. அந்தச் செயலிகளை உருவாக்கியவர்கள் தங்கள் நிரலில் செய்த மாற்றம் எதுவும் இதற்குக் காரணமன்று. அச்செயலிகளில் பேஸ்புக் நிறுவனத்தின் நிரல் நூலகம் இணைக்கப்பட்டிருந்தது. செயலி திறக்கும்போதே அந்நூலகம் பேஸ்புக்கின் கணினிகளிடம் தகவல் கேட்கும். அங்கே செய்யப்பட்ட ஒரு மாற்றம், திறன்பேசியில் இருந்த நூலகத்தை நிலைகுலையச் செய்தது. பேஸ்புக் கணக்கின்வழி நுழையாதவர்களும் பாதிக்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்திலும் இதே போன்ற சிக்கல் ஏற்பட்டிருந்தது.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். ஒரு நூலகத்தை இணைப்பதற்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது நமக்கு உண்மையிலேயே தேவையா? சில வரிகளில் நாமே எழுதிவிட முடியாதா? இதனை உருவாக்கியவர்கள் தொடர்ந்து பிழை திருத்தி வருகிறார்களா? இதன் உரிம விதிகள் நம் பயன்பாட்டிற்கு இடமளிக்கின்றனவா? பயனாளரின் எந்தத் தகவலை இது எடுத்து, எங்கே அனுப்புகிறது? இது பழுதானால் நம் செயலியின் மற்றப் பகுதிகளாவது இயங்குமா?

பிறர் உழைப்பைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அப்படிப் பயன்படுத்துவதால்தான் சிறு குழுவினராலும் நல்ல செயலியை உருவாக்க முடிகிறது. ஆனால், உங்கள் கழக உறுப்பினர் ஒருவரின் திறன்பேசியில் செயலி நின்றுபோனால், அவர் நூலகத்தை எழுதியவரைத் தேடிப் போகமாட்டார், உங்களிடம்தான் வருவார். அவருக்குப் பதில் கூறும் பொறுப்பு உங்களுடையதே.