கலப்புப் பயன்பாட்டு வளாகங்களில் தகவல்தொடர்பு வலையமைப்பை மேம்படுத்துதல்: வடசேரியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கடைகள், அலுவலகங்கள், விடுதிகள், குடியிருப்புகள் ஆகியன ஒரே வளாகத்தில் அமையும்போது அவற்றின் தகவல்தொடர்புத் தேவைகள் அளவாலும் நேரத்தாலும் நம்பகத்தன்மையாலும் வேறுபடுகின்றன. பழைய செம்புக் கம்பி அமைப்பிலிருந்து ஒளியிழை அமைப்பிற்கு இத்தகைய வளாகம் ஒன்றை மாற்றும்போது எழும் தொழில்நுட்பச் சிக்கல்களையும் உடைமைச் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. நாகர்கோவில் வடசேரியின் பயன்பாட்டுக் கலப்பு களமாகவும், நாஞ்சில் நாட்டுப் பாசன முறை விளக்க ஒப்புமையாகவும் கொள்ளப்பட்டுள்ளன. மேம்பாட்டின் பயன் கருவிகளின் வேகத்தைக் காட்டிலும் வளாகத்திற்குள் ஓடும் இழை யாருக்கு உரியது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: வடசேரி, நாஞ்சில் நாடு, கலப்புப் பயன்பாடு, ஒளியிழை, வலையமைப்பு, பொதுக் கட்டமைப்பு, பாசன முறை.

முன்னுரை

ஒரு கட்டடத்திற்கு நீர்க்குழாயும் மின்கம்பியும் எவ்வாறு அடிப்படையோ அவ்வாறே இன்று தகவல்தொடர்பு இணைப்பும் அடிப்படையாகிவிட்டது. 2016இல் அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்ற முறை பூக்கடை வரை பரவியபின், இணைப்பு அறுந்தால் வணிகமே நிற்கும் நிலை உருவாகியுள்ளது. எனினும் நம் ஊர்களிலுள்ள பெரும்பாலான வணிக வளாகங்கள் தொலைபேசிக் கம்பி ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. பின்னர் வந்த ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பியைச் சுவரிலும் மாடிப்படியிலும் இழுத்துச் சென்றதன் விளைவே இன்று காணும் கம்பிச் சிக்கல்.

1. வடசேரியின் பயன்பாட்டுக் கலப்பு

1920இல் நகராட்சியாகி 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த நாகர்கோவிலின் முதன்மையான பகுதிகளுள் ஒன்று வடசேரி. கிறிஸ்டோபர் பேருந்து நிலையமும் கனகமூலம் சந்தையும் இங்கு அமைந்துள்ளன. கோயில் நகைத் தொழிலுக்கும் இப்பகுதி பெயர்பெற்றது; ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ புவிசார் குறியீடு பெற்றவை. பயணியர், சந்தை வணிகர், பொற்கொல்லர், விடுதியில் தங்குவோர், மேல்தளங்களில் குடியிருப்போர் எனப் பலதரப்பட்டோரும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்கின்றனர். நகரத் திட்டமிடலில் ‘கலப்புப் பயன்பாடு’ எனப்படும் கருத்து திட்டமிடாமலே இங்கு நடைமுறையில் உள்ளது. இத்தகைய பகுதியில் பெரிய வளாகம் ஒன்று எழுப்பப்பட்டாலும் பழைய வளாகம் ஒன்று புதுப்பிக்கப்பட்டாலும் வலையமைப்பு இவர்கள் அனைவருக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

2. தேவையை அளவிடல்

ஒவ்வொரு பயனரின் உச்சத் தேவையையும் கூட்டி மொத்தத் தேவையைக் கணக்கிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. எடுத்துக்காட்டாக 120 வீடுகள், 60 கடைகள், 20 அலுவலகங்கள் கொண்ட வளாகம் ஒன்றைக் கற்பனை செய்வோம். உச்ச நேரத்தில் வீட்டிற்குச் சராசரியாக நொடிக்கு 4 மெகாபிட், கடைக்கு 1 மெகாபிட், அலுவலகத்திற்கு 40 மெகாபிட் எனக் கொண்டால் கூட்டுத்தொகை 480 + 60 + 800 = 1,340 மெகாபிட் ஆகும். ஆனால் அலுவலகங்கள் உச்சத்தை எட்டும் பகல் 11 மணிக்கு வீடுகள் தலைக்கு 1 மெகாபிட் அளவே பயன்படுத்துகின்றன எனில் மொத்தம் 980 மெகாபிட். வீடுகள் உச்சத்தை எட்டும் இரவு 8 மணிக்கு அலுவலகங்களின் தேவை தலைக்கு 4 மெகாபிட்டாகக் குறைந்தால் மொத்தம் 620 மெகாபிட். ஆக, பொது முதன்மை இணைப்பு ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும்போது தேவை நான்கில் ஒரு பங்கிற்கும் மேல் குறைகிறது. ஒவ்வொருவரும் தனித்தனி இணைப்பு வாங்கும் நிலையில் இச்சிக்கனம் கிட்டுவதில்லை. கலப்புப் பயன்பாடு வலையமைப்பிற்குச் சுமையாகாமல் வாய்ப்பாக மாறும் இடம் இதுவே.

3. செம்பும் ஒளியிழையும்

செம்புக் கம்பிவழி ஈதர்நெட் இணைப்பிற்கு 100 மீட்டர் என்பது தர எல்லை. எனவே செம்பை நம்பிய பெரிய வளாகத்தில் தளந்தோறும் சுவிட்ச் கருவிகளும் அவற்றிற்கு மின்சாரமும் குளிரூட்டலும் தேவைப்படுகின்றன. ஒளியிழைக்கு வளாக அளவில் இத்தகைய தொலைவுத் தடை இல்லை. ஆதலால் இன்றைய மேம்பாடுகளில் முதன்மைத் தடங்கள் ஒளியிழையாகவும், கேமரா, வைஃபை கருவி போன்றவற்றிற்கான இறுதிச் சில மீட்டர்கள் செம்பாகவும் அமைகின்றன. தரவோடு மின்சாரத்தையும் ஒரே கம்பியில் அனுப்ப இயல்வது செம்பின் சிறப்பு. 2018இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.3பிடி தரத்தின்படி ஓர் இணைப்பில் 90 வாட் வரை செலுத்தலாம்.

ஒளியிழையைப் பல பயனர்க்குப் பகிர்ந்தளிக்கும் ‘பான்’ எனப்படும் செயலறு ஒளியிழை வலையமைப்பை நாஞ்சில் நாட்டுப் பாசனத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீரும் 1953இல் நிறைவுற்ற பெருஞ்சாணி அணையின் நீரும் புத்தன் அணையை அடைந்து, அங்கிருந்து கால்வாய், கிளைக்கால், மடை, வயல் எனப் பிரிந்து செல்கின்றன. பானிலும் தலைமை அறையிலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரம் வேண்டாத பிரிப்பான் ஒன்றில் 32 அல்லது 64 இழைகளாகப் பிரிந்து ஒவ்வொரு கடைக்கும் வீட்டிற்கும் செல்கிறது. மடையைப் போலவே பிரிப்பானுக்கும் தனி ஆற்றல் தேவையில்லை.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அம்முறிவும் அறிவூட்டுவது. மடையில் பிரியும் நீர் அளவால் குறைகிறது. ஒருவர் வயலில் பாய்ந்த நீர் மற்றவர் வயலுக்குச் செல்லாது. பிரிப்பானில் ஒளியின் செறிவு குறைகிறதே தவிர, அது சுமந்து வரும் செய்தி முழுமையாகவே எல்லாக் கிளைகளுக்கும் செல்கிறது. தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு வீட்டுக் கருவியும் அமைக்கப்படுகிறது. அடுத்தவர் செய்தியைப் படிக்காதிருக்க மறைகுறியாக்கம் இன்றியமையாததாவது இதனால்தான். எதிர்த்திசையிலோ, எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் அவை மோதிக் கெடும். எனவே தலைமைக் கருவி ஒவ்வொரு வீட்டிற்கும் நுண்ணிய நேரப் பங்கு ஒன்றை ஒதுக்குகிறது. தண்ணீர் குறைந்த காலத்தில் உழவர் முறைவைத்துப் பாய்ச்சுவதன் மின்னணு வடிவம் எனலாம்.

4. இயங்கும்போதே மாற்றுதல்

பேச்சிப்பாறையின் பாசன நீர் வழக்கமாக ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டுப் பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுகிறது. இடைப்பட்ட மூன்று மாதங்கள் கால்வாய்களைத் தூர்வாரவும் செப்பனிடவும் கிடைக்கும் காலம். வலையமைப்பிற்கு இத்தகைய அடைப்புக் காலம் இல்லை. பகலில் கடை, இரவில் வீடு, எந்நேரமும் விடுதியும் பாதுகாப்புக் கேமராவும் எனக் கலப்புப் பயன்பாடு ஓய்வு நேரத்தையே இல்லாமற் செய்கிறது.

இதற்கான தீர்வு, பழையதும் புதியதும் சில காலம் உடன் இயங்குவதாகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.984 தரத்தைச் சார்ந்த ‘ஜிபான்’ அமைப்பில் கீழ்த்திசை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேல்திசை வேகம் 1.25 கிகாபிட். 32 பயனர் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினால் தலைக்கு 78 மெகாபிட் அளவே கிட்டும். 2016இல் தரப்படுத்தப்பட்ட ‘எக்ஸ்ஜிஎஸ்-பான்’ இருதிசையிலும் 10 கிகாபிட் தருகிறது. தலைக்கு 300 மெகாபிட்டுக்கும் மேல். முன்னது கீழ்த்திசைக்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்தையும் மேல்திசைக்கு 1310ஐயும் பயன்படுத்துகிறது. பின்னது முறையே 1577, 1270 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. அலைநீளங்கள் வேறுபடுவதால் இரண்டும் ஒரே இழையில் இடையூறின்றிப் பயணிக்கும். இழையையும் பிரிப்பானையும் தொடாமல், தலைமை அறையில் புதிய கருவியை இணைத்து, பயனர்களை ஒருவர்பின் ஒருவராக மாற்றலாம்.

இதிலிருந்து பெறப்படும் திட்டமிடல் நெறி தெளிவானது. கருவிகள் சில ஆண்டுகளில் மாறும். இழை பல பத்தாண்டு நிற்கும். இழை செல்லும் குழாயும் செங்குத்துத் தடமும் கட்டடம் உள்ளவரை நிற்கும். எனவே செலவைக் குறைக்க வேண்டுமெனில் கருவியிற் குறைக்கலாம். குழாயின் அளவில் குறைத்தல் கூடாது.

5. பிரித்தலும் பாதுகாப்பும்

ஒரே இழையைப் பகிர்வது ஒரே வலையமைப்பில் கலந்திருப்பதாகாது. நகைக்கடையின் கட்டணக் கருவி, விடுதி விருந்தினரின் கைபேசி, மின்தூக்கியின் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன ஒன்றையொன்று காணக்கூடாதவை. ‘விலேன்’ எனப்படும் மெய்நிகர்ப் பிரிவுகள் இதற்கு உதவுகின்றன. ஐ.இ.இ.இ. 802.1கியூ தரத்தில் பிரிவின் அடையாளம் 12 இருமங்களாலானது. எனவே 4,094 பிரிவுகள் வரை அமைக்கலாம். ஒரு வளாகத்திற்கு இது போதுமானது. ஆனால் பிரிவுகளை அமைத்தவர் யார், அவற்றின் ஆவணம் எங்குள்ளது என்பன பதிவாகாவிடில், சில ஆண்டுகளில் எந்தக் கம்பி யாருடையது என்பதே தெரியாமற்போகும்.

வைஃபை நிலையிலும் இச்சிக்கல் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத அலைத்தடங்கள் மூன்றே. அறுபது கடைகளும் தனித்தனி ரவுட்டர் வைத்தால் அவை ஒன்றையொன்று நசுக்கும். அலைத்தடங்களை ஒருங்கே பங்கிடும் பொது வைஃபை அமைப்பு, குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளைக் கொண்டே இதைவிட நல்ல சேவையைத் தரவல்லது.

6. இயற்கை இடரும் மாற்றுவழியும்

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரமும் தகவல்தொடர்பும் ஒருங்கே முடங்கின. இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் இடியும் மின்னலும் அரியன அல்ல. கண்ணாடியாலான ஒளியிழை மின்னலின் மின்னழுத்தத்தைக் கடத்துவதில்லை என்பது செம்பைவிட அதற்குள்ள கூடுதற் சிறப்பு. ஆயினும் உலோகக் கவசமுள்ள ஒளியிழை வடத்திற்கு நிலத்தொடுப்பு தேவை.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் மாற்றுவழி உறுதி என்று கருதுதல் பிழை. இரண்டின் வடமும் ஒரே தெருக்கம்பத்தில் தொங்கினால் ஒரு மரம் இரண்டையும் அறுத்துவிடும். வளாகத்தின் இரு வேறு பக்கங்களில் நுழையும் இரு நிலத்தடிப் பாதைகளே உண்மையான மாற்றுவழி. பானில் பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாமையால், தலைமை அறைக்கும் பயனர் கருவிக்கும் மட்டும் மின்கலம் அமைத்தால் மின்தடையின்போதும் இணைப்பு நீடிக்கும்.

7. உடைமையும் உரிமையும்

மேற்கூறிய அனைத்தும் சிறப்பாக அமைந்தாலும், வளாகத்தின் உள்தடம் ஒரே சேவை நிறுவனத்தின் தனியுடைமையானால் பயனருக்குத் தெரிவு இல்லை. கட்டுநருக்கு இலவசமாகக் கம்பியமைத்துத் தரும் நிறுவனம், மற்றவர் நுழையாதவாறு அதற்கு ஈடு பெற்றுக்கொள்கிறது. அவ்விலையைப் பின்னாளில் செலுத்துபவர் கடைக்காரரும் குடியிருப்போரும் ஆவர்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017இல் கட்டடங்களுக்குள் சேவை நிறுவனங்களின் அணுகல் குறித்த பரிந்துரைகளை வெளியிட்டது. 2022இல் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அலுவல்கள் அமைச்சகம் மாதிரிக் கட்டட விதிகளில் பொதுத் தொலைத்தொடர்புக் கட்டமைப்பிற்கான இணைப்புப் பகுதியைச் சேர்த்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பொதுக் குழாய்த்தடங்களுக்கு வழிசெய்கிறது. 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், சொத்துகளை அவற்றின் எண்ணிமத் தொடர்பு வசதிக்கேற்பத் தரமிட்டு விண்மீன் குறியீடு வழங்கும் முறையை ஏற்படுத்தின. எனினும் தரமிடலுக்கு உட்படுவது சொத்து மேலாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது.

உலக அனுபவம் இதனோடு ஒப்பிடத்தக்கது. தென்கொரியா 1999லேயே கட்டடங்களுக்கான அதிவேகத் தகவல்தொடர்புச் சான்றிதழ் முறையைத் தொடங்கியது. பிரான்சு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, ஒரு கட்டடத்திற்குள் ஒளியிழை அமைத்த நிறுவனம் அதைப் பிறருடன் பகிர வேண்டும் என்றாக்கியது. சிங்கப்பூர், இழை, கருவி, சேவை ஆகிய மூன்று அடுக்குகளையும் வெவ்வேறு அமைப்புகளிடம் பிரித்தளித்தது.

இவ்வடுக்கு முறை நமக்குப் புதிதன்று. அணையும் முதன்மைக் கால்வாயும் அரசின் பொறுப்பில் இருக்க, அவற்றின்கீழ்ப் பாசனம் பெறும் உழவர்களுக்கு மேலாண்மையில் பங்களிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டிலேயே இயற்றி, தேர்ந்தெடுக்கப்பட்ட நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உருவாக்கியது. இதே நெறியில், வளாகத்தின் குழாயும் இழையும் கடைக்காரர், குடியிருப்போர் ஆகியோரின் கூட்டுச் சங்கத்திற்கு உரியனவாகவும், கருவிகளின் பராமரிப்பு காலவரையறையுள்ள ஒப்பந்தத்திலும், சேவை எல்லா நிறுவனங்களுக்கும் சம கட்டணத்தில் திறந்ததாகவும் அமைதல் தகும்.

ஊரகங்களில் இழை அரசின் முயற்சியால் பரவிவருகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி 2022இல் இம்மாவட்டத்தின் முத்தலக்குறிச்சியில் தொடங்கப்பட்டது. ஊராட்சிக்குப் பொது இழை என்னும் கொள்கையை ஏற்ற நாம், நூற்றுக்கணக்கானோர் புழங்கும் நகர வளாகத்தின் உள்தடத்தைத் தனியார் பேரத்திற்கு விட்டிருப்பது பொருந்தாமை.

முடிவுரை

கலப்புப் பயன்பாட்டு வளாகத்தின் வலையமைப்பு மேம்பாடு மூன்று முடிவுகளைச் சார்ந்துள்ளது. முதலாவது, தேவையைத் தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையாகக் கொள்ளாமல் நேரப் பகிர்வோடு அளவிடுதல். இரண்டாவது, கருவி மாறினும் இழையும் குழாயும் நிலைக்குமாறு கட்டமைத்தல். மூன்றாவது, அவ்விழையையும் குழாயையும் பயனர்களின் பொது உடைமையாக்குதல். முதலிரண்டையும் பொறியாளர் தீர்த்துவிடுவர். மூன்றாவது, கட்டட அனுமதி வழங்கும் உள்ளாட்சியின் கையிலும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கடைக்காரரின் விழிப்பிலும் உள்ளது. டிராய் தந்துள்ள தரமிடல் முறையைப் பேருந்து நிலையம், சந்தை வளாகம் போன்ற பொதுச் சொத்துகளில் உள்ளாட்சிகள் முதலில் ஏற்று நடைமுறைப்படுத்தினால், தனியார் வளாகங்களுக்கு அது முன்மாதிரியாக அமையும். வடசேரி போன்ற பகுதிகள் அதற்கு ஏற்ற களங்களாகும்.