உயர் கெயின் இசைப்புக்குப் பழைய பாணி பிக்கப்புகள்

பிக்கப் என்பது மின்கிட்டாரின் தந்தி அதிர்வை மின்குறிகையாக மாற்றும் கருவியாகும். காந்தத்தையும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் கொண்ட இக்கருவி, மின்காந்தத் தூண்டல் விதிப்படி இயங்குகிறது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அதனால் சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. 1950களின் அமைப்பைப் பின்பற்றி இன்று செய்யப்படுபவை பழைய பாணி பிக்கப்புகள் எனப்படுகின்றன. ராக், மெட்டல் போன்ற இசை வகைகளில் ஆம்ப்ளிஃபையரின் கெயினை மிகவும் உயர்த்தி, திரிபுற்ற ஒலியுடன் வாசிப்பது வழக்கம். குறைந்த வெளியீடு கொண்ட பழைய பாணி பிக்கப்புகள் இதற்குப் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எனினும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அவை நன்றாகவே பொருந்தும்.

வரலாறு

ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் மின்கம்பிகளிலிருந்தும் மின்மாற்றிகளிலிருந்தும் வரும் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இவ்விரைச்சல் அந்த அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் ஒட்டியே கேட்கும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர், எதிரெதிர்க் காந்த முனைகளும் எதிரெதிர் இணைப்பும் கொண்ட இரு சுருள்களைச் சேர்த்து இச்சிக்கலைத் தீர்த்தார். இரு சுருள்களிலும் இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, தந்தியின் குறிகை மட்டும் கூடுகிறது. இவ்வகை ஹம்பக்கர் எனப்படும். 1955இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டு, 1959இல் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருள்படும் ஒட்டுத்தாளுடன் வந்ததால், இவை பி.ஏ.எஃப். என்று அழைக்கப்படலாயின.

1972இல் வெளிவந்த டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன், செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுகளும் கொண்டிருந்தது. அக்கால ஆம்ப்ளிஃபையர்களில் முன்பெருக்கி நிலையில் கெயின் குறைவாக இருந்ததால், வலுவான பிக்கப்பைக் கொண்டு அவற்றை எளிதில் திரிபு நிலைக்குத் தள்ள முடிந்தது. இன்றைய உயர் கெயின் ஆம்ப்ளிஃபையர்களில் போதிய கெயின் உள்ளேயே இருப்பதால், இத்தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

கெயின் உயரும்போது நிகழ்வது

ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தொட்டபின், குறிகையின் முகடுகள் வெட்டப்படுகின்றன. அதற்கு மேல் வலுவான குறிகையைக் கொடுத்தாலும் ஒலி பெரிதாவதில்லை. மெல்லிய மீட்டலுக்கும் வலிய மீட்டலுக்கும் உள்ள வேறுபாடுதான் சுருங்குகிறது. மேலும், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் திரிபில் உருவாகின்றன. கீழ்ச்சுரங்கள் மிகுந்த குறிகையில் இது கலங்கலாகக் கேட்கும்.

சுருளில் சுற்றுகள் கூடினால் வெளியீடு உயரும். ஆனால் தூண்டமும் கூடி, ஒத்ததிர்வு அதிர்வெண் கீழிறங்கி, ஒலி மங்கும். சுற்றுகள் குறைந்த பழைய பாணி பிக்கப்பில் மேல் அதிர்வெண்கள் தெளிவாக இருப்பதால், கடும் திரிபிலும் கார்டின் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறது. வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தாலே தூய ஒலிக்குத் திரும்பவும் முடிகிறது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்புடன் கலந்து செய்யப்படுவது அல்னிகோ. அல்னிகோ 2 மென்மையான தொடக்க ஒலியையும் தளர்ந்த கீழ்ச்சுரங்களையும் தரும். வேகமான, உள்ளங்கையால் அடக்கி வாசிக்கும் இசைக்கு, இறுக்கமான கீழ்ச்சுரங்களைத் தரும் அல்னிகோ 5 பொதுவாக ஏற்றது.

மின்தடை: பி.ஏ.எஃப். பாணி ஹம்பக்கரின் மின்தடை பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். இந்த எண்ணை மட்டும் கொண்டு வெளியீட்டை முடிவு செய்யக் கூடாது. 42 கேஜ் கம்பியைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியைச் சுற்றினால், சுற்றுகள் கூடாமலேயே மின்தடை உயரும். எனவே ஒரே கனக் கம்பியும் ஒரே வகைக் காந்தமும் உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும்.

மெழுகூட்டல்: உயர் கெயினில் இதுவே மிக முக்கியமானது. பழைய பி.ஏ.எஃப். பிக்கப்புகளுக்கு மெழுகு ஊட்டப்படவில்லை. அவற்றை அப்படியே பின்பற்றும் பிக்கப்புகளில், உரத்த ஒலியால் சுருளும் உலோக உறையும் அதிர்ந்து, ஒலிவாங்கி போலச் செயல்பட்டுக் கீச்சிடும். எடி வான் ஹேலன், கிப்சன் இஎஸ்-335 கிட்டாரின் பி.ஏ.எஃப். பிக்கப்பை உருகிய பாரஃபின் மெழுகில் தோய்த்துத் தன் கிட்டாரில் பொருத்தினார். 1978இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் தொகுப்பில் அதன் ஒலியைக் கேட்கலாம். தந்திகளைக் கையால் முழுவதும் அடக்கிய பின்னும் கீச்சொலி நீடித்தால், குறை பெரும்பாலும் பிக்கப்பில் உள்ளது எனலாம். வீட்டில் மெழுகூட்டுவது ஆபத்தானது: மெழுகு தீப்பற்றும், பிளாஸ்டிக் பாபின் வெப்பத்தில் வளையும். வாங்கும்போதே மெழுகூட்டியதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மாற்றுவதற்கு முன்

புதிய பிக்கப்புக்குச் செலவிடும் முன், செலவில்லாத வழிகளை முயன்று பார்க்கலாம். பிக்கப்பைத் தந்தியிலிருந்து சற்றுத் தாழ்த்தினால் கலங்கல் குறையும். ஹம்பக்கருக்கு வழக்கமான 500 கிலோ ஓம் வால்யூம் குமிழுக்குப் பதில் 250 கிலோ ஓம் குமிழ் இருந்தால், ஒலி மங்கலாகவே இருக்கும். கெயினைத் தேவைக்கு மேல் வைக்காமல் குறைப்பதும், கீழ்ச்சுரங்களைக் குறைக்கும் ஓவர்டிரைவ் பெடல் கையிலிருந்தால் அதை ஆம்ப்ளிஃபையருக்கு முன் இணைப்பதும் இறுக்கத்தைக் கூட்டும். இவற்றுக்குப் பிறகும் கலங்கல் நீங்காவிட்டால் பிக்கப்பை மாற்றலாம். மிகத் தாழ்ந்த சுருதியில் வாசிப்போருக்குச் செராமிக் காந்த வகையோ, 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் ஆக்டிவ் வகையோ ஏற்றதாக இருக்கும். மற்ற பெரும்பாலான ராக் வாசிப்புக்கு மெழுகூட்டிய அல்னிகோ 5 ஹம்பக்கர் போதுமானது.